கணினிக்குள் ஒரு துரை

டாக்டரிடம் காட்டப் போகிற நாளில் அப்பாவுக்கு நான் கோட்டுப் போட்டுவிடுவேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியாக இருந்த காலத்தில் அவர் போட்ட கறுப்புக் கோட்டு. கழுத்துப் பட்டை நைந்துபோய், ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். டாக்டர் இருப்பது கொழும்பில். நாங்கள் இருப்பது டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். நடுவில் இருப்பது பஜாரில் நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரின் கணினி ஒன்றுதான். ஆனாலும் டாக்டர் முன்னால் போவதென்றால் நல்ல உடுப்போடு போக வேண்டும் என்பது வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளின் சட்டம். காய்ச்சலில் தூக்கிக்கொண்டு போகிற ஆளுக்குக்கூட முதலில் சட்டையை மாற்றிவிட்டுத்தான் தூக்குவார்கள். அந்தச் சட்டம் என் தலையில் இப்படி வந்து விடியும் என்று நான் கண்டேனா.

அப்பா வேலையிலிருந்து நின்றது தொண்ணூறுகளின் நடுவில். அதன் பிறகு சில வருசங்கள் நன்றாகத்தான் இருந்தார். லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி லீக்ஸ் போட்டார், கோயில் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆள் கழன்று போக ஆரம்பித்தது. வெந்நீர்ப் போத்தலை அரிசிப் பெட்டிக்குள் வைப்பார். தான் நாற்பது வருசம் ஏறி இறங்கிய மலையின் பேரைக் கேட்டால் சிரித்து மழுப்புவார். அதெல்லாம் பரவாயில்லை, வயசு போனால் வருவதுதான் என்று விட்டுவிட்டோம். தாங்க முடியாமல் போனது அவருடைய இரவுகள்தான். ஊரே தூங்கும் நேரத்தில் எழுந்து தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்பார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டுக்களம். விடிய இன்னும் எவ்வளவோ இருக்கும். கதவைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஓடுகிற கான்களும் சரிவுமாகக் கிடக்கிற மலைப்பாதையில் இறங்கிவிடுவார். பூட்டினால் விடியும்வரை கதவை அடிப்பார். பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரைத் தட்டுவார்கள். அவர் இந்தப் பக்கம் அடிக்க, அவர்கள் அந்தப் பக்கம் தட்ட, நடுவில் நான்.

எனக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவார்கள், நான் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கெட்ட ஆள் செய்யக்கூடாத வேலை ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். ஒரு நாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கண்ணை மூடிவிட்டேன். தவழ்கிற பிள்ளை ஒன்று வாசற்படி வரைக்கும் போய்விட்டது. பார்த்தது யார் என்றால், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ இப்புடி நடந்தா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா இரவில் தூங்க வேண்டும். அவர் தூங்கினால் நான் தூங்குவேன், நான் தூங்கினால் வேலை தங்கும். வேலை போனால் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடமெல்லாம் அப்பா இறங்கப் பார்த்தார். ஓரிடத்தில் இறங்கியே விட்டார். நான் பின்னால் ஓட, கண்டக்டர் சிங்களத்தில் ஏச, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அப்பா களைத்துச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயசு. தூங்குகிற அப்பாவையும் மூச்சு வாங்குகிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறதி நோய் மாதிரித்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று தடவை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அடுத்த மாதம் அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்துவிட்டது. நல்ல மனுசன், கைவிடவில்லை. "இவரை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு திரியாதேங்கோ. பக்கத்தில எங்கையும் கொம்பியூட்டர் இருக்கோ? அதில முகம் பாத்துக் கதைப்பம்" என்றார்.

அப்படித்தான் நானாவின் கொமினிகேஷன் என்கிற போன் கடைக்கு வந்தோம். அகரப்பத்தனை பஜாரில் அது ஒன்றில்தான் அப்போது முகம் பார்த்துப் பேசுகிற கணினி இருந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் பேச்சு வராமல் கணினியை முறைத்துக்கொண்டிருக்க, தாய்மார் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பார்கள். அதே முக்காலியில் அப்பாவை உட்காரச் சொன்னேன்.

அப்பா உட்காரவில்லை. கணினிக்குள் வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக ஒரு முகம் தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, காலைச் சேர்த்து நின்றார். எத்தனையோ மாதமாகக் கூனிக் கிடந்த முதுகு நிமிர்ந்துவிட்டது.

"வணக்கங்க தொர" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா வேலை செய்த காலத்தில் தோட்டத்தை நடத்திய பெரிய துரைக்கு அடுத்தபடியான சின்னத்துரை ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதே வெள்ளைச் சட்டை, அதே பேச்சு. போதாதற்கு, நான் வேறு கோட்டைப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். கோட்டுப் போட்ட கங்காணியைத் துரை கூப்பிட்டு முகம் பார்த்துக் கேள்வி கேட்டால், அது விசாரணை அல்லாமல் வேறென்ன?

"ஐயா, எப்பிடிச் சுகமா இருக்கிறியளோ?"

"சொகந்தாங்க தொர. ஒரு கொறையும் இல்லீங்க."

"இரவில நல்லா நித்திரை வருதோ?"

"நல்லா வருதுங்க தொர."

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா பணிவாகச் சிரித்தார். "தொரைக்குத் தெரியாததா?"

"ஐயாவுக்கு எத்தினை வயசு?"

"செக்ரோல்ல இருக்குங்க தொர."

செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவேடு. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அப்பாவுக்குப் பதில் தெரியாது. ஆனால் பதில் தெரியாமலே விசாரணையில் நின்று தப்புவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அண்ணன் பெற்ற பேரப்பிள்ளையின் பேர் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

"ஐயா நல்லாத்தான் கதைக்கிறார்" என்றார் டாக்டர் என்னிடம். "நீங்கள்தான் சரியாக் களைச்சுப் போனியள் போல கிடக்கு."

ஆமாம், களைத்துத்தான் போனேன். எதனால் என்று சொல்லத்தானே வந்தேன்.

இரவில் நடப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளில் கிள்ளினார். துரை முன்னால் உட்கார்ந்திருப்பதே தப்பு, அதில் குறை வேறு சொல்கிறாளே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "இது சும்மா சொல்லுதுங்க தொர" என்று எனக்காக மன்னிப்பும் கேட்டார். தூக்கத்துக்கு மருந்து தாருங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் தலையை ஆட்டினார். அந்த மருந்து வயசாளிகளைத் தள்ளி விழுத்தும், சொல்வதை மட்டும் கேட்டுக் கொடுக்க முடியாது, தன் கண்ணால் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். நியாயமான ஆட்களோடு சண்டை போடுவதைப் போல அலுப்பான வேலை வேறில்லை.

அப்பா ஏன் இப்படி என்று கேட்டால், எங்கள் லயத்தில் எந்தக் கிழவியும் சொல்லுவாள். அவர் கங்காணியாக இருந்த காலம் முழுக்கத் துரையிடம் யாருக்காகவும் வாய் திறந்ததில்லை. மற்றக் கங்காணிமார் தங்கள் ஆட்களுக்காகப் போய் நிற்பார்கள். இவளுக்குக் காய்ச்சல், இவள் பிள்ளைத்தாச்சி, இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்பார்கள். கிடைக்கும், கிடைக்காமலும் போகும், ஆனால் கேட்பார்கள். அப்பா கேட்கமாட்டார். பெண்கள் வந்து கெஞ்சினால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாயில கொழுக்கட்டையா என்று பின்னால் போய்த் திட்டுவார்கள். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா வலி வரும்வரைக்கும் மலையில் கொழுந்தெடுத்தாள். கங்காணி அவளுடைய சொந்தப் புருசன். அம்மா சாகும்வரை அதை மறக்கவில்லை. சோறு போடும்போதுகூட அதைச் சொல்லிக்கொண்டேதான் போடுவாள்.

இரண்டாம் தடவை போகும்போது கோட்டை ஒளித்து வைத்தேன். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் கோட்டு எங்கே என்று கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கோட்டு வந்த பிறகுதான் கால் நகர்ந்தது. அன்றைக்கு நடுவில் இணைப்பு தடைப்பட்டுவிட்டது. டாக்டரின் முகம் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. நானா கணினியின் பின்பக்கம் வயர்களை ஆட்டிப் பார்த்தார். "நெட் போயிட்டு தங்கச்சி. கொஞ்சம் இரிங்க."

நான் எழுந்து சோம்பல் முறித்தேன். அப்பா அசையவில்லை. துரை ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறார், சொல்லி முடிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. எப்படி அசைவார்? "வாங்கப்பா, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை மரம் மாதிரி இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானா அவர்களை அதட்டினார். கடைசியில் அவர் கணினியையே அணைத்துவிட்ட பிறகுதான் அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

அந்த வாரம் கொழும்பிலிருந்து அண்ணன் பேசினான். அவனும் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறான். "அப்பா நல்லாத்தான் பேசுறாருன்னு டாக்டரே சொல்றாரே. நீதான் பெருசு பண்ணுற" என்றான். நீ ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாரு என்று சொல்லிப் போனை வைத்தேன். அவன் வரவில்லை. வருசத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வந்து, சாராயம் குடித்து, இடி விழுந்தாலும் தெரியாமல் தூங்கிவிட்டுப் போகிறவன் அவன்.

மூன்றாம் தடவை போன நாளில் நல்ல மழை. முந்தின இரவில் அப்பா அடுப்படியில் ஒன்றுக்குப் போய்விட்டார். அதைக் கழுவி, அவருக்கு உடுப்பு மாற்றி, பிறகு கதவுச் சண்டையும் முடிந்து விடிந்துவிட்டது. எனக்குக் கோபப்படக்கூடச் சக்தி இல்லை. கோட்டைப் போட்டுவிட்டு, ஒரே குடையில் இருவரும் பஜாருக்கு நடந்தோம். எதற்குப் போகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. இவர் துரைக்குக் கும்பிடு போடுவார், அவர் சிரிப்பார், நான் திரும்பி வருவேன். போகாவிட்டால் அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும் என்பதற்காகப் போனேன்.

கடைக்குள் சூடாக இருந்தது. வழக்கம்போல அப்பா நிற்க, நான் முக்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் வந்தார், அப்பா வணக்கம் சொன்னார். சொகந்தாங்க என்ற சொல் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு தலை மேசையில் சாய்ந்திருக்க வேண்டும்.

விழிப்புத் தட்டியபோது அப்பாவின் குரல் கேட்டது. யாருக்கும் கேட்கக்கூடாத விசயத்தைச் சொல்வது போல மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கச் சோம்பலாக இருந்தது என்பதுதான் உண்மை.

"தொர கோவிக்கப்புடாது. தூங்குதேன்னு இன்னைக்கிப் பேர வெட்டி, கூலி இல்லாமப் பண்ணிப்புடாதீங்க."

"கோவிக்கேல்லை ஐயா. ஏன் இவ நித்திரை கொள்ளுறா?"

"நல்ல புள்ளைங்க தொர. வேலைக்காரப் புள்ள. அது வூட்டுல ஒரு கெழவன் கெடக்கான். ராத்திரியெல்லாம் கதவப் போட்டு ஒடைக்கிறான். இதத் தூங்கவே விடுறதில்ல. அடுப்படியில ஒண்ணுக்கு வேற போயிர்றான். எல்லாத்தையும் இதுதான் அள்ளிக் கழுவுது."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுக்கிற சத்தம் கேட்டது.

"அந்தக் கிழவன் ஆரெண்டு ஐயாவுக்குத் தெரியுமோ?"

"தெரியலீங்க. நம்ம ஆளு இல்ல."

"இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?"

அப்பா யோசித்தார். என் முதுகைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "மொறை ஒண்ணும் இல்லீங்க. நம்ம மலையில கொழுந்தெடுக்கிற புள்ள."

அவர் வேலை வாங்கிய பெண்கள் எல்லாரையும் புள்ள என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான். அதனால் நான் மகளாக இல்லாமல் போனது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

"நான் என்னைக்கும் தொரகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்றார் அப்பா. "இது ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க. அந்தக் கெழவன வேற தோட்டத்துக்கு அனுப்பிருங்க. புள்ள தூங்கட்டும்."

மறுபடியும் இணைப்புப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். டாக்டரின் முகம் அசையாமல் இருந்தது, ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் நானா வயர்களைத் தொடவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"சரி ஐயா. நான் பாக்கிறன்" என்றார் டாக்டர்.

பிறகு என்னை எழுப்பினார். இரவைப் பற்றி முன்பு கேட்காத கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, இந்தத் தடவை அப்பா கிள்ளவில்லை. கிழவனைப் பற்றித்தானே பேசுகிறோம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தானே போன் பண்ணிச் சொல்லுவதாகவும், தூக்க மருந்தைப் பாதிக் குளிசையில் தொடங்கி, அவர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அண்ணனோடும் தானே பேசுவதாகச் சொன்னார். கடைசியாக, "நீங்கள் சொன்னது எல்லாம் சரிதான் தங்கச்சி" என்றார். அதைக் கேட்கத்தான் நான் மாதக்கணக்காக அலைந்தேன். கேட்டபோது சந்தோசம் ஒன்றும் வரவில்லை.

அழுகை வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். எனக்கு வந்தது ஆத்திரம். இந்த மனுசனுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. வார்த்தை வார்த்தையாக, எந்தக் கல்லும் கரையும்படி கேட்கத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்காக ஒரு தடவை இப்படிக் கேட்டிருந்தால் என்ன? என்னை யாரென்று தெரிந்திருந்த காலத்தில் எனக்காகக் கேட்டிருந்தால் என்ன? மலையில் கொழுந்தெடுக்கிற ஒரு புள்ளைக்காக, அதுவும் எல்லாம் மறந்த பிறகு, வாய் திறந்திருக்கிறது. அந்த ஆத்திரத்துக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு இரவும் நான் படுகிறபாட்டை அவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மருந்து நாலாம் நாள் பிடித்தது. அப்பா தூங்கினார், நானும் தூங்கினேன், மடுவத்தில் என் வேலை தங்கியது. அதன் பிறகும் நானாவின் கடைக்கு மாதாமாதம் போனோம். போகப் போக அப்பாவுக்குத் துரையும் மறந்துபோய், கோட்டைக் கேட்பதும் நின்றுவிட்டது. ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த மழை நாளில் பஜாரிலிருந்து ஏறிவந்த வழியைத்தான்.

பாலத்துக்குப் பக்கத்தில் அப்பா நின்றார்.

"தொர என்ன சொன்னாரு புள்ள? கெழவன அனுப்பிருவாங்களா?"

ஆமாம், அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிற ஆளுக்கு ஒரு பொய்யில் என்ன குறைந்துவிடப்போகிறது. ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

"இல்லப்பா. அவரு இங்கயே இருக்கட்டும்னுட்டாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மழைத் தண்ணீர் கோட்டின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா" என்றார். "இதுக்குத்தான் நான் யாருக்காகவும் கேக்குறதில்ல."

குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.